லூப்பை எந்த இடத்தில் நிறுத்துவது? ஒரு மாங்கூழ் ஆலையின் முன்னிருந்த நான்கு வழிகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மே மாதம் மாம்பழப் பருவம் சூடுபிடித்துவிட்டால் மாங்கூழ் ஆலைகளுக்கு இரவு பகல் தெரியாது. காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர், போச்சம்பள்ளி பக்கத்துத் தோப்புகளிலிருந்து பெங்களூரா பழத்தை ஏற்றிக்கொண்டு டிராக்டர்களும் லாரிகளும் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். வண்டி எடைமேடையில் ஏற வேண்டும். எடை அலுவலகக் கணினியில் பதிவாக வேண்டும். சீட்டு அச்சாக வேண்டும். சீட்டு வராவிட்டால் அடுத்த வண்டி நகராது. பழமோ காத்திருக்காது.

இந்தப் பகுதியின் சிறு நிறுவனங்களுக்குக் கணினி வலையமைப்புகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். ஒரு பருவத்தின் நடுவில், விடியற்காலை மூன்று மணிக்கு ஓர் ஆலையிலிருந்து தொலைபேசி வந்தது. “அண்ணா, சீட்டு அச்சாகவில்லை. கேமராவும் ஓடவில்லை. வெளியே நாற்பது வண்டி நிற்கிறது” என்றார் எடைமேடைத் தம்பி. நான் போய்ச் சேர்ந்த பிறகும் காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரணம் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு கேபிள். மேசையைத் துடைத்தவர், தொங்கிக்கொண்டிருந்த முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போலும் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த காலிப் போர்ட்டில் செருகியிருக்கிறார். அதன் மறுமுனையும் அதே சுவிட்ச்சில்தான், அதாவது கணினிகளைக் கேபிள்களால் ஒன்றோடொன்று இணைக்கும் அதே பெட்டியில்தான், இருந்தது. இப்படிப் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வரும் வளையத்தைத்தான் லூப் என்கிறோம். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கேபிளை யார் வேண்டுமானாலும் மாற்றிச் செருகிவிடலாம். ஒரு கேபிளுக்காக ஆலை முழுவதும் நிற்கும்படி வலையமைப்பைக் கட்டி வைத்திருந்ததுதான் பிழை.

பருவம் முடிந்ததும் ஆலை உரிமையாளர் நான்கைந்து விலைப்புள்ளிகளை வாங்கி என் முன்னால் வைத்தார். “இதில் எதை வாங்கினால் இது மறுபடி நடக்காது?” என்று கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்குச் சொன்ன பதிலின் விரிவு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: ஒரே ஒரு கேபிளுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? இணையத்தில் பயணம் செய்யும் ஐ.பி. பேக்கெட்டுக்கு, அதாவது தகவல் பொட்டலத்துக்கு, ஆயுள் உண்டு. அதன் தலைப்பில் ஓர் எண் இருக்கிறது, அதிகபட்சம் 255. ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிவைக்கும் ரவுட்டர் ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் அதில் ஒன்று குறையும். பூஜ்யமானால் பேக்கெட் கைவிடப்படும். ஆனால் ஆலைக்குள் அந்தப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு சுவிட்ச்சுகளுக்கிடையே ஓடும் உறையான ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஓர் ஆயுள் எண் கிடையாது. ஒரு கணினி “இந்த முகவரி யாருடையது?” என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபிரேமை அனுப்பினால், சுவிட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் வெளியே தள்ளும். கேபிள் வளையமாக இருந்தால் தள்ளியது திரும்பி வரும், மறுபடி தள்ளப்படும். அதை நிறுத்த யாரும் இல்லை. ஒரு கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய ஃபிரேம்கள் நொடிக்கு 14,88,095 வரை ஓட முடியும். அவ்வளவு இடத்தையும் ஒரே கேள்வியின் பிரதிகள் நிரப்பிவிட்டால் எடைச் சீட்டுக்கு ஏது வழி?

இன்னொரு சேதமும் உண்டு. எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை, வரும் ஃபிரேம்களின் அனுப்புநர் முகவரியைப் பார்த்தே சுவிட்ச் கற்றுக்கொள்கிறது. லூப் விழுந்ததும் ஒரே முகவரி இரண்டு போர்ட்டுகளில் மாறி மாறி வரும். சுவிட்ச் நொடிக்கு நொடி தான் கற்றதை அழித்து எழுதும். ஒரு கணினிக்குப் போக வேண்டியது வேறெங்கோ போகும்.

பழைய நாட்களில் இரண்டு சுவிட்ச்சுகளை இணைக்க கிராஸ் கேபிள் வேண்டியிருந்தது. சாதாரணக் கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்ச்சில் செருகினால் விளக்கே எரியாது. இன்றைய சுவிட்ச்சுகள் எந்தக் கேபிளையும் தாமாகவே சரிசெய்து ஏற்றுக்கொள்கின்றன. வேலை எளிதானது, கூடவே, தற்செயலாகக் கிடைத்து வந்த ஒரு காவலும் போய்விட்டது. இது போதாதென்று வேறு வாசல்களும் திறந்திருக்கின்றன. மேசைமேல் இருக்கும் ஐ.பி. தொலைபேசியில் இரண்டு போர்ட்டுகள் இருக்கும். ஒன்று சுவருக்கு, ஒன்று கணினிக்கு. இரண்டையும் சுவரில் செருகினால் அது ஒரு லூப். இரண்டு வைஃபை பெட்டிகள் காற்றின் வழியே ஒன்றோடொன்று இணைந்திருக்கும்போது, வேகம் போதவில்லை என்று அவற்றுக்கிடையே கேபிளும் போட்டால், அவற்றை அதற்கேற்ப அமைக்காதவரை, அதுவும் லூப்தான்.

அன்று இரவு நான் பார்த்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு இப்படி நடந்தால் அடையாளம் தெரியும். ரேக்கில் இருந்த சுவிட்ச்சின் எல்லா விளக்குகளும், வேலையே இல்லாத கணினிகளுக்குரியவை உட்பட, ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல் துடித்தன. மடிக்கணினியிலிருந்து ரவுட்டருக்கு, பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் பிங் செய்திகளில் பத்துக்கு எட்டு தொலைந்தது. பேக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருளைத் திறந்தால் ஒரே கணினி கேட்ட ஒரே கேள்வி திரை நிறைய ஓடியது. லூப் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. ஆலையில் ஒன்பது சுவிட்ச்சுகள். எல்லாமே கட்டமைக்க முடியாத சாதாச் சுவிட்ச்சுகள். வாயில்லாப் பெட்டிகள், வலி எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதன்மை ரேக்கிலிருந்து வெளியே போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்றைக் கழற்றியதும் விளக்குகள் அடங்கின. அந்தக் கேபிளின் பின்னாலோ ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கட்டடங்களில் சுவிட்ச்சுகள் சங்கிலியாகத் தொங்கின. டார்ச் விளக்கோடு ஒவ்வோர் அறையாகத் திறக்கச் சொல்லித்தான் எடைமேடை அறைக்கு வந்து சேர்ந்தோம். கேபிள்களைக் கழற்றும்போது ஒன்றைக் கழற்றி, ஐந்து நொடி காத்து, விளக்குகளைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பதற்றத்தில் நான்கைந்தைச் சேர்த்து இழுத்தால், அடங்கியது எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

முதல் வழி செலவில்லாதது: இருக்கும் சாதாச் சுவிட்ச்சுகளை வைத்துக்கொள்வது, ஒழுங்கை மட்டும் கூட்டுவது. ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு, காலிப் போர்ட்டுகளுக்கு மூடி, சுவிட்ச்சைப் பூட்டிய பெட்டிக்குள் வைப்பது, தேவையற்ற கேபிள்களை அகற்றிவிடுவது. இரண்டே சுவிட்ச்சுகள் உள்ள ஒரு கடைக்கோ சிறு பள்ளிக்கோ நான் இதைத்தான் சொல்வேன். அதற்கு மேல் செலவழிப்பது வீண். ஆலைக்கு இது போதாது. பருவத்தில் புதிதாக ஆட்கள் வருகிறார்கள், மேசைகள் இடம் மாறுகின்றன, கூடுதல் கேமரா போட ஒருவர் வருகிறார். பூட்டின் சாவி மூன்றாம் நாளே ஆணியில் தொங்கும்.

இரண்டாவது, லூப்பைக் கண்டுபிடிக்கும் வசதி மட்டும் உள்ள மலிவான ஸ்மார்ட் சுவிட்ச்சுகள். சாதாச் சுவிட்ச்சைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலை. இவை குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு போர்ட்டிலும் தமக்கே உரிய ஓர் அடையாள ஃபிரேமை அனுப்புகின்றன. அனுப்பியது தன்னிடமே திரும்பி வந்தால் அங்கே லூப் இருக்கிறது என்று பொருள். அந்தப் போர்ட்டை அடைத்துவிடும். எளிய யோசனை, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் இதன் கண்ணில் எல்லா வளையமும் நோய்தான். ஒரு கேபிள் அறுந்தால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று நாமே வேண்டுமென்று இரண்டு வழி போட்டிருந்தாலும் அதையும் வெட்டும். எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று இதற்குச் சொல்ல முடியாது. சில நேரம் இரண்டு முனைகளிலும் உள்ள சுவிட்ச்சுகள் ஒரே நேரத்தில் லூப்பைக் கண்டு, இரண்டு வழிகளையுமே அடைத்துவிடும்.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது: கட்டமைக்கக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச்சுகளும் அவற்றில் ஓடும் ஸ்பானிங் ட்ரீயும். 1985இல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் இதை உருவாக்கினார். 1990இல் இது 802.1டி என்ற தரமாக வெளிவந்தது. சுவிட்ச்சுகள் தங்களுக்குள் பி.பி.டி.யு. என்னும் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கின்றன. அதை ரூட் பிரிட்ஜ் என்கிறோம். மற்ற ஒவ்வொன்றும் தலைமைக்குப் போகும் மிக நல்ல வழியை வைத்துக்கொண்டு, வளையத்தை உண்டாக்கும் மற்ற வழிகளை அடைத்து வைக்கின்றன. அடைத்த வழி செத்துவிடவில்லை. முதன்மை வழி அறுந்தால் திறந்துகொள்ளும். மேலே சொன்ன இரண்டு வழிகளும் தராத வசதி இது.

ஸ்பானிங் ட்ரீயின் பழைய வடிவமான எஸ்.டி.பி. மெதுவானது. ஒரு போர்ட் திறக்க, கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி. முந்தைய செய்தி காலாவதியாக 20 நொடியும் சேர்ந்தால் 50 நொடி ஆகிவிடும். 2001இல் வந்த 802.1டபிள்யூ, அதாவது ஆர்.எஸ்.டி.பி., இதை மாற்றியது. நேரடியாக இணைந்த சுவிட்ச்சுகள் ஒன்றையொன்று கேட்டுச் சம்மதம் பெற்றுக்கொண்டு ஒரு நொடிக்குள்ளேயே வழிமாறிவிடுகின்றன. மறுமுனை ஓசையின்றி மௌனமானாலும், இரண்டு நொடிக்கு ஒருமுறை வரும் செய்தி மூன்று முறை தவறினால், அதாவது 6 நொடியில், விழித்துக்கொள்கின்றன. இன்று வாங்கும் சுவிட்ச்சில் ஆர்.எஸ்.டி.பி. இல்லையென்றால் வாங்காதீர்கள்.

ஆனால் வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரூட் பிரிட்ஜாக யார் வர வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், எல்லோருக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே இருக்கும். சிறிய எண்தான் ஜெயிக்கும். சமமாக இருந்தால் வன்பொருள் முகவரி சிறியதாக உள்ள சுவிட்ச் ஜெயிக்கும். அது பெரும்பாலும் எங்கோ மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாக இருக்கும். ஆலையின் போக்குவரத்து முழுவதும் அந்தக் கிழட்டுப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகும். முதன்மை ரேக்கில் உள்ள சுவிட்ச்சுக்கு 4096 என்று எண் கொடுப்பது ஒரு நிமிட வேலை. அடுத்து, கணினி, அச்சுப்பொறி, கேமரா மாட்டும் போர்ட்டுகளை விளிம்புப் போர்ட் என்று அறிவிக்க வேண்டும். கணினியை இயக்கியதும் காத்திருக்காமல் இணைப்பு கிடைக்கும். அந்தப் போர்ட்டுகளிலேயே பி.பி.டி.யு. கார்டு என்னும் காவலையும் போட வேண்டும். சாதாரணமாகக் கணினி பி.பி.டி.யு. அனுப்பாது. விளிம்புப் போர்ட்டில் அப்படி ஒன்று வந்தால், யாரோ ஒரு சுவிட்ச்சை மாட்டியிருக்கிறார்கள் அல்லது நாம் அனுப்பியதே வளைந்து திரும்புகிறது. போர்ட் உடனே மூடிக்கொள்ளும். எந்தப் போர்ட், எத்தனை மணிக்கு என்று பதிவும் இருக்கும். டார்ச் விளக்கோடு அலைய வேண்டாம்.

விலைப்புள்ளி கொடுத்த எவரும் உரிமையாளரிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான். நல்ல மேனேஜ்டு சுவிட்ச்சை ரேக்கில் வைத்துவிட்டு, அறைகளில் பழைய சாதாச் சுவிட்ச்சுகளை அப்படியே விட்டால் என்ன ஆகும்? சாதாச் சுவிட்ச்சுகளில் இரண்டு வகை உண்டு. சில, பி.பி.டி.யு. செய்தியைச் சாதாரண ஃபிரேமைப்போல் மறுபக்கம் கடத்திவிடும். அப்படியானால் அதன் கீழே லூப் விழுந்தாலும் செய்தி திரும்பி வரும். கார்டு வேலை செய்யும். வேறு சிலவோ அந்தச் செய்தியை விழுங்கிவிடும். பி.பி.டி.யு.வுக்கென்று ஒதுக்கிய தனி முகவரிக்கு வருவதைக் கடத்தக்கூடாது என்பது தரத்திலேயே உள்ள விதி. அப்போது மேலே இருக்கும் விலை உயர்ந்த சுவிட்ச்சின் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. லூப்பில் பெருகிய ஃபிரேம்களின் புயல் மட்டும் வந்து மோதும். எந்த வகை என்று பெட்டியின் அட்டையில் எழுதியிருக்காது. பணத்தை முழுவதும் ரேக்கில் கொட்டிவிட்டு அறைகளை மறந்தவர்கள் அடிபடும் இடம் இது.

இதற்குத் துணையாக ஸ்டார்ம் கன்ட்ரோல் என்ற வரம்பு இருக்கிறது. ஒரு போர்ட்டில் எல்லோருக்குமான பொது ஃபிரேம்கள் இவ்வளவுக்கு மேல் வரக்கூடாது என்று நிறுத்திவிடலாம். கிகாபிட் போர்ட்டில் ஒரு விழுக்காடு என்றால் 10 மெகாபிட். காப்பாற்றும். ஆனால் இதை மட்டும் நம்பியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. லூப் அப்படியே இருக்கும். நியாயமான கேள்விகளும் புயலோடு சேர்ந்து வெட்டுப்படும். வலையமைப்பு நொண்டிக்கொண்டே ஓடும். முழுதாகச் செத்த வலையமைப்பை ஓர் இரவில் சரிசெய்துவிடலாம். நொண்டுவதைப் பல வாரங்கள் “இணையம் மெதுவாக இருக்கிறது” என்று பொறுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஸ்பானிங் ட்ரீக்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் வலையமைப்பு நான்கு நாட்கள் நிலைகுலைந்தது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். ஆண்டுக்கணக்கில் சுவிட்ச்சுக்குப் பின் சுவிட்ச்சாக நீண்டுகொண்டே போன வலையமைப்பு, ஸ்பானிங் ட்ரீயின் அளவை மீறியிருந்தது. அதன் இயல்பான நேர அளவுகள் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஏழு சுவிட்ச்சுகளுக்கு மிகாது என்று கணக்கிட்டு வைக்கப்பட்டவை. அந்த மையத்தின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னதால் உலகம் முழுவதும் பலர் கற்றுக்கொண்டார்கள். நம் ஆலையில் அலுவலகம், ஆய்வகம், கூழ் பிழியும் கூடம், குளிர்கிடங்கு, எடைமேடை, காவலர் அறை என்று சங்கிலி நீண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. எந்த வழியைத் தேர்ந்தாலும் சங்கிலியை உடைத்து, ஒவ்வொரு கட்டடத்தையும் ரேக்கோடு நேரே இணைக்க வேண்டும்.

நான்காவது வழி வளையம். ஜி.8032 போன்ற தரத்தின்படி சுவிட்ச்சுகளை வேண்டுமென்றே வட்டமாகக் கட்டி, ஒரு கண்ணியை மட்டும் அடைத்து வைப்பார்கள். எங்காவது அறுந்தால் 50 மில்லி நொடிக்குள் அது திறக்கும். ஓசூரின் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே ஓடும் இடங்களுக்கு இது தகும். அங்கே இரண்டு நொடி இடைவெளி ஒரு வரிசையையே நிறுத்திவிடலாம். எடைமேடைக்கு இரண்டு நொடி ஒரு பொருட்டே இல்லை. மேலும், வளையத்தில் உள்ள கண்ணிகளை மட்டுமே இது காக்கும். அறைக்குள் ஒருவர் கேபிளைத் தவறாகச் செருகினால் இதற்கு ஒன்றும் தெரியாது. நான்கில் அதிக விலை கொண்டது, நம் நோய்க்குத் தொடர்பே இல்லாதது. அந்த விலைப்புள்ளியை முதலில் ஒதுக்கி வைத்தோம்.

கட்டடத்துக்குக் கட்டடம் தனி வலையமைப்பாக்கி, இடையே ரவுட்டிங் செய்யலாமா என்றும் உரிமையாளர் கேட்டார். ஒன்பது சுவிட்ச்சுகளுக்கு அது மிகை. கேமராக்களையும் அலுவலகத்தையும் தனித்தனி வி.லேனாக, அதாவது ஒரே சுவிட்ச்சுகளுக்குள் தனித்தனி வலையமைப்புகளாக, பிரிப்பது மட்டும் நல்லது. ஒன்றில் எழும் பொதுக் கூச்சல் மற்றதன் கருவிகளுக்குள் நுழையாது. இருந்தாலும் இரண்டும் ஒரே கேபிளில் பயணம் செய்தால் கேபிள் நிரம்பத்தான் செய்யும் என்பதை மறக்கக்கூடாது.

முடிவாக நான் எழுதிக் கொடுத்தது இது. முதன்மை ரேக்கில் ஒரு மேனேஜ்டு சுவிட்ச், ஆர்.எஸ்.டி.பி., லூப் கண்டறிதல், ஸ்டார்ம் கன்ட்ரோல் மூன்றும் இருக்க வேண்டும். லூப் கண்டறியும் ஃபிரேம் பி.பி.டி.யு.வின் தனி முகவரியில் போகாமல் சாதாரணப் பொது ஃபிரேமாகப் போக வேண்டும். அப்போதுதான் விழுங்கும் பெட்டிகளையும் அது கடக்கும். கூழ்க் கூடத்துக்கும் எடைமேடைக்கும் எட்டுப் போர்ட் மேனேஜ்டு சுவிட்ச்சுகள். மேசைகளுக்கு இரண்டாம் வகை மலிவு ஸ்மார்ட் சுவிட்ச்சுகள் போதும். கட்டடங்களுக்கிடையே ஃபைபர், செம்புக் கேபிளுக்கு உள்ள நூறு மீட்டர் வரம்பு ஒரு காரணம், கோடை இடி இன்னொரு காரணம். மே மாதத்து மின்னல் செம்புக் கேபிள் வழியே வந்து சுவிட்ச்சுகளைச் சுட்டெரித்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாற்று வழி எடைமேடைக்கு மட்டும், வேறு பாதையில் இன்னொரு ஃபைபர். மற்ற கட்டடங்களுக்கு மாற்று வழி வேண்டாம் என்றேன். அரைமணி நேரம் நின்றால் தாங்கிக்கொள்ளும் இடத்துக்கு இரண்டாவது வழி போடுவது, இன்னொரு வளையத்துக்கு இடம் கொடுப்பதாகும்.

“அப்படியானால் இனி லூப்பே வராதா?” என்றார் உரிமையாளர். “வரும் ஐயா. வந்த அறையோடு நிற்கும்” என்றேன்.

ஏப்ரலில், பழம் வருவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்தோம். இதை எந்த வழியைத் தேர்ந்தெடுத்தவரும் செய்ய வேண்டும்: ஓர் ஆள் ரேக்கின் அருகில் தொலைபேசியோடு நிற்க, இன்னொருவர் அறை அறையாகப் போய் வேண்டுமென்றே லூப் போட வேண்டும். அலுவலகத்திலும் ஆய்வகத்திலும் சில நொடிகளில் லூப் விழுந்த போர்ட் மட்டும் மூடியது. காவலர் அறையில் கேமராவுக்காக விட்டு வைத்திருந்த பழைய பெட்டி, செய்தியை விழுங்கும் வகை என்று அப்போதுதான் தெரிந்தது. பி.பி.டி.யு. கார்டு அசையவே இல்லை. ஸ்டார்ம் கன்ட்ரோல் புயலைப் பிடித்து நிறுத்தியது. அதற்குள் லூப் கண்டறிதல் அந்த அறைக்குப் போகும் போர்ட்டை மூடியது. அந்தப் பெட்டியை அன்றே கழற்றிவிட்டோம்.

கடைசியாக எடைமேடை. மேடையில் ஒரு காலி டிராக்டரை ஏற்றச் சொன்னோம். அதே ஒன்றரை மீட்டர் கேபிளின் இரு முனைகளையும், அன்று மேசையைத் துடைத்தவரே, காலிப் போர்ட்டுகளில் செருகினார். இரண்டு விளக்குகளும் எரிந்து உடனே அணைந்தன. எடைமேடைத் தம்பி பொத்தானை அழுத்தினார். சீட்டு அச்சாகி வந்தது.